ஓவர்சியரை ஏற்றி வந்த மாம்பலகைப் பாலம்

தண்டவாளம் இல்லாமல், இன்ஜின் இல்லாமல், ஒரு துண்டு கரிகூட எரியாமல், குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு ஒரு பாலம் வந்து சேர்ந்தது. மாம்பலகைப் பாலம். அதன் மேல் ஓவர்சியர் ஒருவர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குரங்கு. குரங்கு மேலகரத்தில் இறங்கிக்கொண்டது. ஓவர்சியர் தென்காசி வரைக்கும் வந்தார்.

நம்ப முடியவில்லை என்றால் போகட்டும். தென்காசி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காகவே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எது வண்டி, எது வண்டி இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சிற்றாற்றில் வந்தது வண்டிதான். எங்கள் செங்கோட்டை பாசஞ்சரை விட நேரத்துக்கு வந்தது என்றுகூடச் சொல்வேன்.

முப்பத்தேழாம் வருஷத்து சீசன் அது. மற்ற வருஷங்களில் சாரல் முகத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த வருஷம் பெட்டி படுக்கையோடு குடியிருக்க வந்துவிட்டது. என் குடைக்கம்பு தளிர் விட்டது. கருப்பட்டி டப்பாவைத் திறந்தால் உள்ளே பானகம் இருந்தது. உப்பு வாங்கப் போனவன் வீட்டுக்கு வந்து சேரும்போது வெறும் ஓலைக் கொட்டான்தான் கையில் இருந்தது. உப்புக்கே இந்தக் கதி என்றால் மரத்தைக் கேட்க வேண்டாம்.

அருவிக்குப் போகிற வழியில், ஓடைக்கு அந்தக் கரையில், உலகம்மாள் அக்காவின் இட்டிலிக் கடை இருந்தது. குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்க வருகிறவனுக்கு அந்த இட்டிலியும் சுக்குக் காப்பியும் கண்ணில் பட்டால் வீடு வாசல் மறந்துவிடும். நானே லீவு நாளில் பத்து மணிக்குக் குளிக்கப் போய், குளிக்க மறந்து, சாயங்காலம் திரும்பியிருக்கிறேன். ஆனால் ஓடையைத் தாண்ட அந்த ஒரு பாலம்தான் வழி. சீசனில் விற்றால்தான் மற்ற மாதங்களில் அக்கா வீட்டில் அடுப்பு எரியும். பாலம் போனால் கடை போயிற்று.

பாலமோ வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தது. முந்தின சீசனில் ராயகிரிப் பக்கத்து மிராசுதார் ஒருவர், உடம்பு முழுக்க எண்ணெயோடு அதில் காலை வைத்தார். பலகை மாவு போல உதிர்ந்தது. இடுப்பு வரைக்கும் உள்ளே போய் மாட்டிக்கொண்டார். மேலே இழுத்தாலும் வரவில்லை, கீழே தள்ளினாலும் போகவில்லை. கடைசியில் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றித்தான் எடுத்தோம். அதுவரைக்கும் அவருக்கு அங்கேயே இட்டிலி கொடுத்தாள் அக்கா. நின்றபடியே இரண்டு முறை மிளகாய்ப்பொடி கேட்டு வாங்கினார்.

இந்தச் செய்தி ஓவர்சியர் காந்திமதிநாத பிள்ளையின் காதுக்குப் போய்விட்டது. பிள்ளைவாள் தென்காசிக்காரர். எதையும் நம்ப மாட்டார். மழை பெய்கிறது என்று சொன்னால் வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்பார். அவர் கையில் வளைந்த பிடியும் அடி நுனியில் இரும்புப் பூணும் போட்ட ஒரு கைத்தடி இருக்கும். கதவு, ஜன்னல், வண்டிச் சக்கரம், எந்த மரத்தைப் பார்த்தாலும் பூணால் ஒரு குத்து. பூண் உள்ளே இறங்கினால் உளுத்த மரம். அப்புறம் அதற்கு வாழ்வு கிடையாது.

அக்காவும் சும்மா இருந்துவிடவில்லை. ஆலங்குளத்துப் பக்கம் காற்றில் விழுந்த மாமரம் ஒன்றை அறுத்துப் புதுப் பலகை கொண்டு வந்து போட்டாள். குற்றாலத்தில் எல்லா நோவுக்கும் ஒரே வைத்தியம்தானே! எண்ணெய் தேய், ஊற வை, அருவியில் நில். மனுசனுக்கு ஒத்துக்கொள்கிறது பலகைக்கு ஒத்துக்கொள்ளாதா என்று நினைத்து, அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டுப் பாலத்துக்குத் தேய்க்கச் சொன்னாள். அவனுக்கும் தொழிலில் ஒரு நியாயம் உண்டு. ஆளுக்குத் தேய்ப்பது போலவே தேய்த்தான். தோள்பட்டையில் தட்டினான், இடுப்பில் குத்தினான், கைப்பிடிக் கட்டைகளில் விரல் விரலாகச் சொடக்கு எடுத்தான். பாலம் இரண்டு முறை சொடக்கு விட்டது. என் காதால் கேட்டேன்.

ஒரு வாரத்தில் பலகையில் காளான் முளைத்தது. எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்தை விடப் பெரிய காளான். மழைக்குக் குரங்குகள் அதன் அடியில் ஒதுங்கி நின்றன. பிள்ளைவாள் வந்து பார்த்தார். கைத்தடியால் ஒரு குத்து. தடி பலகைக்குள் போய், அடிப்பக்கம் வெளியே வந்து, ஓடைத் தண்ணீரில் நனைந்து திரும்பியது.

பாலத்தை அன்றைக்கே மூங்கில் வைத்து அடைத்துவிடுவேன் என்றார். அக்கா அழவில்லை. ஒரு தட்டு இட்டிலியை அவர் முன்னால் வைத்துவிட்டு, வேறு பலகை போட்டுச் சரி பண்ணுகிறேன், தவணை கொடுங்கள் என்று கேட்டாள். அவர் இட்டிலியையும் விரலால் ஒரு முறை குத்திப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆடி அமாவாசைக்கு முந்துன நாள் வருவேன். எந்தப் பலகையிலயாவது எந் தடி இறங்கிச்சின்னா பாலமும் கிடையாது, கடையும் கிடையாது. இறங்கலன்னா நீ இங்கன இருந்துக்கோ. மாம்பலகை சாரல்ல நிக்குமாம்லா. நல்ல கதை."

ஆடி அமாவாசை என்றால் குற்றாலத்தில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். அக்காவுக்குப் பாதி சீசன் அந்த ஒரு நாளில் இருந்தது.

அப்போதுதான் ஞானதுரை அண்ணாச்சி வந்து சேர்ந்தார். மணப்பாட்டுக் கடற்கரையில் பரம்பரையாக வள்ளம் கட்டுகிற குடும்பம். உடம்புச் சூடு தணியக் குளிக்க வந்தவர். காளான் முளைத்த பலகையைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஈர மரத்துல எண்ணெய தேச்சா என்ன ஆவும்? உள்ள இருக்க தண்ணி வெளிய போவமுடியாம நீங்களே கதவச் சாத்திட்டிய. பெறவு அது உள்ளயே இருந்து மரத்தத் திங்காம என்ன செய்யும்?"

தன் தாத்தா கட்டிய வள்ளம் ஒன்று, ஆளே ஏறாமல் கொழும்புக்குப் போய்ச் சரக்கு இறக்கிவிட்டுத் தானே திரும்பிவிடும் என்று வேறு சொன்னார். பொய் சொல்லுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அக்காவுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. மிச்சமிருந்த புதுப் பலகைகளைக் கடைக்குப் பின்னால் விறகடுப்புப் புகையில் பரண் போட்டு அடுக்கினோம். அவை கருவாடு போலக் காய்ந்தன. தட்டினால் தவில் போலப் பேசின. அதற்கப்புறம்தான் எண்ணெயைத் தொடவிட்டார் அண்ணாச்சி. புன்னைக்காய் எண்ணெயில் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறாமல் தேய்த்தோம். ஆறின எண்ணெய் மேலோடு நிற்கும், சூடான எண்ணெய் உள்ளே இறங்கும் என்றார். ஒரு பூச்சைப் பலகை குடித்து முடித்த பிறகு அடுத்த பூச்சு. அறுத்த நுனிகளுக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு. மரம் தண்ணீர் குடிக்கிற வாய் அந்த நுனிதானாம்.

இதெல்லாம் மேல்பக்கத்துக்கு. அடிப்பக்கத்தில் ஓடையின் ஈரம் எந்நேரமும் படும், அதற்குச் சுறா எண்ணெய்தான் சரி என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினார். அந்தத் தகரம் என் பார்சல் ஆபீசுக்குத்தான் வந்தது. வரும் முன்பே வாசனை வந்துவிட்டது. அன்றைக்குத் தென்காசியில் இறங்க வேண்டியவர்கள் இறங்காமலே கொல்லம் வரைக்கும் போய்விட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே கொடி காட்டினார். ஊர்ப் பூனைகள் எல்லாம் பிளாட்பாரத்தில் வரிசையில் உட்கார்ந்துவிட்டன.

அக்கா பயந்தாள். சைவக்காரர்கள் பாதிப்பேர் சாப்பிட வருகிற கடை. அண்ணாச்சி சமாதானம் சொன்னார். "மேல சைவம், கீழ அசைவம். கவுந்து படுத்து மோந்து பாக்கவா போறாங்க?"

ஆணி ஒன்றுகூட அடிக்கவிடவில்லை. ஆணி துருப்பிடிக்கும், துருவைச் சுற்றி மரம் அழுகும் என்றார். பலகை ஓரங்களில் துளை போட்டு, தேங்காய் நார் வைத்து அடைத்து, கயிற்றால் சேர்த்துத் தைத்தார். வள்ளம் அப்படித்தான் கட்டுவார்களாம். கட்டக் கட்ட அவர் கை அதன் பழக்கத்துக்குப் போயிற்று. ஓரப் பலகைகள் லேசாக மேலே தூக்கின. நடு லேசாகத் தொந்தி போட்டது. இரண்டு முனையும் கொஞ்சம் கூம்பின. "அண்ணாச்சி, இது பாலந்தானா?" என்று கேட்டேன். நடந்து பார் என்றார். நடந்தேன். பாலம்தான்.

கடைசியில் இரண்டு கரையிலும் கல்தூணோடு சேர்த்துக் கட்டினார். அவர் கைக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்று, கரையில் வள்ளத்தைக் கட்டிப்போடுகிற முடிச்சு. பாலத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும் அது இறுகும். தொங்குகிற நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்ந்துவிடும். அவசரமாகக் கடலுக்குப் போகிறவனுக்கு அது தேவை. பாலத்துக்கு எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பாலம் எங்கேயாவது போகும் என்று யாருக்குத் தோன்றும்?

சொன்ன நாளில் பிள்ளைவாள் வந்தார். வெள்ளை வேட்டி, கோட்டு, ஒரு கையில் குடை, மறு கையில் தடி. அன்று காலையில்தான் அண்ணாச்சி ஓடைக்குள் இறங்கி நின்று, பரீட்சைக்குப் பளபளப்பாக இருக்கட்டும் என்று அடிப்பக்கத்துக்கு இன்னொரு பூச்சு சுறா எண்ணெய் பூசியிருந்தார். அக்கா இட்டிலிப் பொட்டலம் ஒன்றைக் கட்டி ஓவர்சியர் கையில் கொடுத்தாள். அதை மட்டும் பிள்ளைவாள் சந்தேகப்படாமல் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பாலத்தில் ஏறும்போதே தொங்குகிற கயிற்று நுனி அவர் கண்ணில் பட்டது. ஒழுங்கில்லாத எதுவும் அவருக்கு ஆகாது. தடியின் வளைந்த பிடியால் மாட்டி ஒரு சுண்டு சுண்டினார். ஒரு பக்கம் அவிழ்ந்தது. பாரத்தில் பாலம் அசையாமல் கிடந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

முதல் பலகையில் குத்தினார். ணங்கென்றது. அடுத்ததில் குத்தினார். ணங். அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைவாள் குனிந்து குத்தினார், உட்கார்ந்து குத்தினார், அறுத்த நுனியில் குத்தினார். தடியின் பூண்தான் வளைந்தது. பொட்டல வாசனைக்கு ஒரு குரங்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அதுவும் சேர்ந்து பலகையைத் தட்டிப் பார்த்தது. கடைசிப் பலகையும் ணங்கென்ற பிறகு பிள்ளைவாள் எழுந்தார். முகத்தில் ஒரு தோல்வி. அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் அல்லவா? அந்தப் பக்கத்துக் கயிற்று நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

"மரம் இருக்கட்டும். இப்படியா கயித்தத் தொங்க விடுவாக?" என்று சொல்லி, அதையும் சுண்டினார்.

மலையில் அன்று விடியலிலிருந்தே ஒரே கறுப்பு. அவர் சுண்டவும் தண்ணீர் வரவும் சரியாக இருந்தது. ஓடை ஒரு மூச்சு விட்டது போல எழுந்தது. பாலம் கரைக்கல்லை விட்டு மெல்லத் தூக்கி, பசு மாடு திரும்புவது போலத் திரும்பி, முனையைச் சிற்றாற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பியது. பிள்ளைவாள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். அது நல்ல யோசனை.

"பாலம் போவுதே" என்றாள் அக்கா.

"போவுதா? மிதக்கு அக்கா, மிதக்கு. ஒரு சொட்டு உள்ள ஏறல பாருங்க" என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பிள்ளைவாள் தடியை ஆற்றில் ஊன்றிக் கரை பக்கம் தள்ளப் பார்த்தார். தடி துடுப்பாயிற்று. சாரலுக்குக் குடையை விரித்தார். காற்று வந்து குடையை நிரப்பியது. "பாயும் விரிச்சாச்சு" என்று கத்தினார் அண்ணாச்சி.

நாங்கள் மூவரும் ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்துத் தென்காசி ரோட்டில் துரத்தினோம். மரங்களுக்கு நடுவே அவ்வப்போது பாலம் தெரியும். ஒரு முறை எங்களுக்கு முன்னால் இருந்தது. இன்னொரு முறை பிள்ளைவாளும் குரங்கும் ஆளுக்கொரு இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலகரத்தில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை விட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். அங்கே கரையோரம் பாலம் ஒதுங்கியபோது, பொட்டலம் காலியானதைப் பார்த்துக் குரங்கு இறங்கிக்கொண்டது. அதற்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அடுத்த வளைவில் ஓர் அணைக்கட்டு.

பாலம் அணைக்கட்டில் ஏறி, கொஞ்ச நேரம் ஆகாயத்தில் யோசித்து, குப்புறக் கவிழ்ந்து விழுந்தது. பிள்ளைவாள் குடையையும் தடியையும் விடாமல் முங்கி எழுந்து, கைக்கு அகப்பட்ட பக்கத்தைப் பிடித்து மறுபடியும் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டார். இப்போது மேலே இருந்தது அசைவப் பக்கம். காலையில் பூசின பூச்சு.

நாங்கள் தென்காசிப் படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாலம் படிக்கட்டில் ஒதுங்கிக் கிடந்தது. ஒரு தையல்கூட விடவில்லை. அதன் மேல் பூனைகள் மாநாடு கூட்டியிருந்தன. பிள்ளைவாளைக் காணோம். படித்துறைக்கு மேலே ரோட்டில் நின்றவர்களைக் கேட்டால், ஓவர்சியர் ஐயாவா, இப்போதுதான் போகிறார், தான் ஜட்காவில் வந்ததாகச் சொன்னாரே என்றார்கள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் அப்படியே சாதித்துவிட்டால் பாலம் பரீட்சையில் தேறியதற்குச் சாட்சி யார்? நான் ஒருவன் இருக்கிறேன் என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க சொன்னா யாரு நம்புவா நயினாரு?" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

அவர் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பூனைகள் போகிற திசையில் போனோம்.

வாசல்படியில் அவர் மனைவி சங்கரம்மாள் வழியை மறித்து நின்றாள். அந்தம்மாள் அப்படிப்பட்ட சைவம். மீன் என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டாள். சொந்தத் தம்பியின் ராசியைக் கேட்டால், "கும்பத்துக்கு அடுத்தது" என்பாள். கீழே தெருவில் பிள்ளைவாள் சொட்டச் சொட்ட நின்றார். சுற்றிலும் பூனைகள். ஒன்று அவர் வேட்டி முனையை நக்கிக்கொண்டிருந்தது.

"எங்க தின்னுட்டு வாரீய?" என்றாள் சங்கரம்மாள்.

"இட்டிலிதான் தின்னேன்."

"இட்டிலிக்கா இம்புட்டுப் பூனை வரும்?"

ஜட்காவில் பக்கத்தில் யாரோ கருவாட்டு மூட்டை வைத்திருந்தான் என்றார் பிள்ளைவாள். அப்படியானால் தலை ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டாள். மழை என்றார். குடை எதற்கு என்று கேட்டாள். அவர் குடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அருவிக்கரையில் எத்தனை நாளாக இந்தத் தீனி நடக்கிறதோ என்று கேட்டு, மூக்கைப் பொத்தியபடியே அழத் தொடங்கினாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. முன்னால் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். பாலம் திரும்பியது, குடை பாயானது, குரங்கு இட்டிலி தின்றது, மேலகரத்தில் இறங்கியது, அணைக்கட்டு, சுறா எண்ணெய், ஒன்றையும் விடவில்லை. சங்கரம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போன மாசம் என் ஊறுகாப் பார்சல் வரலன்னு கேட்டதுக்கு, தண்டவாளத்துல ஆனை படுத்துருக்குன்னு சொன்ன ஆளுதான நீரு?"

ஆனை படுத்திருந்தது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க அது நேரமில்லை.

உலகம்மாள் அக்கா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். அதட்டவில்லை, கெஞ்சவில்லை.

"ஓவர்சியர் ஐயா, நாளைக்கு அமாவாசை. படித்துறையில கெடக்க பாலத்த வண்டியில ஏத்தி இப்பமே கொண்டு போனாத்தான் எனக்குப் பொழப்பு. நீங்க ஜட்காவுல வந்தியன்னா என் பாலம் உளுத்துப் போச்சுன்னு அர்த்தம். அப்ப இந்த வாடைக்கு நீங்கதான் ஆச்சிக்குப் பதில் சொல்லணும். பாலத்துல வந்தியன்னா அதச் சொல்லிட்டு உள்ள போங்க."

பிள்ளைவாள் அக்காவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வளைந்து போன பூணைப் பார்த்தார். இன்னொரு பூனை அவர் தோளுக்கு ஏற இடம் பார்த்தது. வாழ்நாள் முழுக்க எதையும் ஒத்துக்கொள்ளாத தொண்டை அது. இரண்டு முறை கனைத்துக்கொண்டார்.

"தடி இறங்கல" என்றார்.

"பெறவு?" என்றாள் சங்கரம்மாள்.

"பாலத்துலதான் வந்தேன். குத்தாலத்துலேருந்து. இவரு சொன்னது போலத்தான் நடந்துச்சு."

சங்கரம்மாள் இன்னும் வழிவிடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் குரங்கு?"

பிள்ளைவாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுவும் வந்துச்சு. மேலகரத்துல இறங்கிட்டுது."